பல்லிப் பெட்டியில் எரிந்த பல்பு

அண்ணா,

நேற்று சமையலறை விளக்கு போய்விட்டது. புதிது வாங்கிவர இந்த வீட்டில் யாருக்கும் நேரமில்லை. பரணில் கிடந்த பழைய குண்டு பல்பை நானே ஸ்டூல் மேல் ஏறி மாட்டினேன். கொஞ்ச நேரத்தில் அதன் மேலிருந்த தூசி கருகி ஒரு வாசனை கிளம்பியது. என்னவோ தீய்கிறது என்று எல்லோரும் அடுப்பை எட்டிப் பார்த்தார்கள். எனக்கு உன் பல்லிப் பெட்டியின் ஞாபகம் வந்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில் நீ சவுதியிலிருந்து திரும்பி வந்தாய். அங்கே போன மற்றவர்கள் டேப் ரெக்கார்டரும் சென்ட் பாட்டிலுமாக வந்து இறங்கினார்கள். நீ துணிப்பையில் இரண்டு பாலைவனப் பல்லிகளைச் சுருட்டிக்கொண்டு வந்தாய். முழங்கை நீளம், முள் முள்ளாக வால். அம்மா பையைத் திறந்து பார்த்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டாள். ஏரிக்கரைக் குப்பமே வந்து பார்த்தது. பக்கத்து வீட்டுச் சித்தப்பா, உடும்புதானே, இடுப்பு வலிக்கு நல்லது என்று மிளகு அரைக்கச் சொல்லிவிட்டார். அன்றைக்கு நீ அவரை முறைத்த முறைப்பை அவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

மணல்வெளியில் தண்ணீர் பம்புக்குக் காவலாக உன்னைத் தனியே உட்கார வைத்திருந்தார்கள் என்பது எங்களுக்கு அப்புறம்தான் தெரியும். எப்போதாவது லாரி வரும். மற்றபடி மனித முகமே கிடையாது. "அங்க என் மூஞ்சிய பாத்தது இதுங்க ரெண்டுதான்"னு ஒரே ஒரு தடவை சொன்னாய்.

பொன்னேரியிலிருந்து டீத்தூள் வரும் பெரிய மரப்பெட்டி ஒன்றை வாங்கிவந்து படுக்கப் போட்டாய். ஒரு மூலையில் பல்பு, அதற்கு நேர் கீழே வெயில் காய ஒரு கூரை ஓடு. மறு மூலையில் நிழலுக்கு உடைந்த பானையின் பாதியைக் கவிழ்த்து வைத்தாய். சூடு வேண்டுமென்றால் இந்தப் பக்கம், போதுமென்றால் அந்தப் பக்கம். அது அதன் இஷ்டம் என்றாய். திறந்த பக்கத்தில் கம்பி வலை அடித்தாய். ஏரி மணல் ஈரமாகவும் உப்பாகவும் இருந்ததால் ஆற்று மணல் கொண்டுவந்து அம்மாவின் இரும்புச் சட்டியில் வறுத்தாய். வேர்க்கடலை என்று நினைத்துக் கை நீட்டிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. காலையில் மட்டும் இரண்டையும் வெளியே தூக்கிப்போய் வெயிலில் விடுவாய். பல்பு சூடு கொடுக்கும், வெயில் கொடுப்பது வேறு என்பாய்.

சாப்பாட்டில்தான் அம்மாவுக்கு ஆத்திரம். காய்ந்த இறாலை நீட்டினாள், பொடிமீனை நீட்டினாள். இரண்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டன. முருங்கைக்கீரையும் ஊறவைத்த பயறும்தான் தின்றன. "எறாலயே வேணான்ற ஜென்மம் இன்னா ஜென்மம்"னு அம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் முறையிட்டாள்.

நம் வீட்டு இணைப்புக்கு ஒரே ஒரு பல்புதான். அதைத்தான் நீ வயரை நீட்டிப் பெட்டிக்குள் இறக்கியிருந்தாய். கம்பி வலை வழியாக வந்த வெளிச்சத்தில் நாங்கள் சாப்பிட்டோம். நைனா ஏரியில் இருக்கும்வரை அம்மா விளக்கை அமர்த்த விடமாட்டாள். நைனா தினமும் சாயங்காலம் வலையோடு போனால் விடியும்போதுதான் வருவார். ஆகவே விடிய விடிய பல்பு எரிந்தது. அம்மாவுக்கு நைனா வரும் வழிக்கு வெளிச்சம், உனக்குப் பல்லிக்குச் சூடு. இரண்டு பேருக்கும் திருப்தி.

ஐப்பசி மழை பிடித்ததும் பல்லிகள் சுருண்டுவிட்டன. தோல் கறுத்தது, கீரை வாடிக் கிடந்தது. குளிர்தான் காரணம் என்று நீ பெரிய பல்பாக மாட்டினாய். ஒன்று செத்துப்போனது. சவுக்குத் தோப்பில் புதைத்துவிட்டு வந்து பெட்டிக்கு முன்னாலேயே உட்கார்ந்துவிட்டாய். மிஞ்சியிருந்ததும் ஓட்டின் மேல் கண்ணை மூடாமல் கிடந்தது. அதுவும் போய்விட்டால் நீ எழுந்திருக்க மாட்டாய் என்று எனக்குப் பயமாக இருந்தது. பயத்தில் வாய்க்கு வந்ததைக் கேட்டேன்.

"ஏண்ணா, அங்க ராத்திரில இதுக்கு யாரு லைட்டு போட்டா?"

நீ சட்டென்று என் பக்கம் திரும்பினாய். பிறகு, பொழுது சாய்ந்தால் அங்கே எதிரே நீட்டிய கை தெரியாது, கம்பளியைப் போர்த்தினாலும் குளிரும், இவை வளைக்குள் போய்ப் படுத்துவிடும் என்று மெதுவாகச் சொன்னாய். இத்தனை வருஷம் அங்கேயே இருந்து கண்ணால் பார்த்தவன்தான் நீ. ஆனாலும் நம் வீட்டில் பிறந்தவனுக்கு ராத்திரி என்றால் விளக்கு எரிய வேண்டும்.

இனி இருட்டியதும் பல்பை அமர்த்த வேண்டும் என்று நீ சொன்னபோது அம்மா சுவிட்சை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு பல்லிக்கோசரம் உங்க நைனா வர்ற வழிய இருட்டாக்க சொல்றியா?"

அன்றும் பல்பு எரிந்தது. விடிந்ததும் நைனா வந்தார். நடந்ததை நான்தான் சொன்னேன். அவர் காலைக் கழுவிக்கொண்டே, "நான் இன்னா வெளக்க பாத்தா வர்றேன்? காத்த பாத்து வர்றேன். அத்த தூங்க வுடு"ன்னார். கல்யாணமான நாளிலிருந்து விளக்கு வைத்துக் காத்திருந்தவள் அம்மா. அன்று அடுப்பைப் பற்றவைக்க அவளுக்கு வெகு நேரமாயிற்று.

அன்று இருட்டியதும் பல்பை அமர்த்தியது அவளேதான். சுவிட்ச் பக்கம் நீ போகவில்லை, நானும் போகவில்லை. பல்லி பானைக்கு அடியில் நகரும் சத்தம் கேட்டது. மூன்றாம் நாள் காலை பல்பைப் போட்டதும் ஓட்டின் மேல் வந்து படுத்தது, கறுப்பு வெளுத்து மஞ்சளானது, கீரையைக் கடித்தது. நீ அழுதாய் அண்ணா. அம்மா பார்க்காததுபோல மீனை ஆய்ந்துகொண்டிருந்தாள். அதன் பிறகு அது நம் வீட்டில் பல மழைக்காலம் பார்த்தது.

போன வருஷம் சென்னையில் உன்னை வைத்திருந்த வார்டில் பகலும் ராத்திரியும் ஒரே வெளிச்சம். எப்போது பொழுது சாயும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். உன் கட்டிலுக்கு மேலே இருந்த டியூப்லைட்டையாவது நிறுத்த முடியுமா என்று நர்ஸிடம் கேட்டேன். பேஷண்ட் முகம் தெரியணும்மா என்றாள். அவளுடைய வேலை அது. நான் என் முந்தானையை நாலாக மடித்து உன் கண்மேல் போட்டேன். நீ நீளமாக ஒரு மூச்சு விட்டாய்.

"இப்பதாம்மா இருட்டிச்சு"ன்னு சொன்னாய். உடனே தூங்கிவிட்டாய்.

விடிந்து டாக்டர் வந்து நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, துணிய எடுங்கம்மா என்றார். எடுத்தேன். உன் நெற்றிச் சுருக்கம் எல்லாம் போயிருந்தது. உனக்குக் கடைசியாக என்ன செய்தோம் என்று யாராவது என்னைக் கேட்டால் அது ஒன்றைத்தான் சொல்கிறேன்: அண்ணன் கேட்ட ராத்திரியை அவனுக்குக் கொடுத்தேன்.