அம்மையின் மாஸ்க்

மக்கா,

மூக்கில் மிச்ச வீக்கமும் வடிந்ததா? அழகுக்கு ஆபரேஷன் செய்யாத பெண்களே உன் ஆபீசில் குறைவு என்கிறாய். இருக்கட்டும்.

நேற்று உன்னைக் கட்டப்போகும் நிஜினின் அம்மை முதல்முறையாக நம் வீட்டுக்கு வந்தார். ஜலதோஷம் என்று சொல்லி நான் மாஸ்க் போட்டிருந்தேன். அவரோடு உட்கார்ந்து சாயா கூடக் குடிக்கவில்லை.

"போட்டோவில பொண்ணுக்க மூக்கு நல்ல அழகாக்கும். அம்மைக்க மூக்குதானே?" என்று கேட்டார். தலையாட்டிவிட்டேன்.

ஆபரேஷன் விஷயத்தை நீ சொன்னதும் நிஜின் சிரித்தாராம். அவர் அம்மைக்குத் தெரியாதே! நீ வேண்டாமென்று மாற்றிய மூக்கு என் முகத்தில் அப்படியே இருக்கிறது.

சபையில் உங்கள் கல்யாண ஓலையை அறிவிப்பாக வாசிக்கும் ஞாயிறுகளிலும் மாஸ்க் போட்டுச் சமாளிப்பேன். கல்யாண போட்டோவில் எப்படி நிற்பேன்?

உன் டாக்டர் என் வயசுக்காரிகளுக்கும் செய்வாரா? சும்மா கேட்டுவை.

உன் அம்மை