மெம்பர் நட்ட விளக்கு

பெங்களூர்
தை, 1956

சௌபாக்கியவதி பூவம்மாளுக்கு உன் கணவன் எழுதுவது. மில்லில் நான் சுகம். நீயும் அம்மாவும் சினைப்பசுவும் சுகமா?

நம் ஊருக்குப் பஞ்சாயத்து போர்டு வந்ததிலும், நம் காட்டோரத் தெருவுக்கு ஒரு விளக்குக் கம்பம் கிடைத்ததிலும் சந்தோஷம். “மெம்பர் கோவிந்தப்பன் நம்ம வாசல்லயே நட்டாரு, தினம் அவரே வந்து எண்ணெ ஊத்துறாரு, இனி ஆனை பயமில்ல” என்று எழுதியிருந்தாய். அதையே நினைத்துக்கொண்டு தறியில் விரலைக் கீறிக்கொண்டேன். சின்னக் காயம்தான். விளக்கேற்ற போர்டில் வேறு ஆளே இல்லையா? தெருவில் வேறு வாசலே இல்லையா?

இங்கே குளிர் அதிகம். என் கம்பளியைத் தேன்கனிக்கோட்டை பஸ்ஸில் கொடுத்தனுப்பு. மெம்பருக்குப் போர்த்தக் கொடுத்துவிடாதே.

மில் சங்கு ஊதுகிறது, ஓடவேண்டும். கம்பத்தை மாரியம்மன் கோயில் பக்கம் மாற்றச் சொல். வாசல் இருட்டாகக் கிடந்தால், யானைக்குப் பயந்தாவது என்னை நினைப்பாய்.

முனிராஜ்