இரண்டு தங்க வண்டிகளும் என் நாக்கும்

குவைத்
வியாழன், அஸர் தொழுகைக்குப் பின்

அன்பு மகள் லுல்வாவுக்கு உன் சித்தப்பா சுலைமான் சலாம் சொல்லி எழுதிக்கொள்வது. இறைவன் கருணையால் இங்கே நான் சுகம், உன் சித்தி ஹெஸ்ஸா சுகம், அவளுடைய இடது முழங்கால் மட்டும் இன்னும் அவள் பேச்சைக் கேட்பதில்லை, உன் தம்பி மிஷால் உடம்பளவில் சுகம், தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் குட்டி போட்ட பூனையும் அதன் பரிவாரமும் எங்கள் எல்லாரையும்விட சுகம். இந்த வீட்டில் நலமில்லாதது என் முகம் ஒன்றுதான். அதைப் பார்க்கப் பிடிக்காமல் முந்தாநாள் கண்ணாடி இல்லாமலே சவரம் செய்துகொண்டேன். சித்தி பார்த்துவிட்டு, "என்ன இது, பாதி மீசையை யாருக்குத் தானம் பண்ணீங்க?" என்று கேட்டாள். கிளாஸ்கோவில் மழை என்றும் குளிர் என்றும் செய்தியில் சொல்கிறார்கள், கம்பளிக் காலுறை போட்டுக்கொள்கிறாயா, ராத்திரி ரொட்டியும் தேநீரும் மட்டும் சாப்பிட்டுவிட்டுப் படுக்கிறாயா என்றெல்லாம் கேட்கத்தான் தினமும் போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. எடுக்காதது நல்லது. போனில் என் நாக்குக்கு ஓட இடம் அதிகம், பொய் சொல்லித் தப்பித்திருப்பேன். காகிதத்தில் அது கொஞ்சம் மெதுவாகத்தான் போக முடியும்.

முதலில் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரிமோட் வண்டிகளின் தேசியப் போட்டியில் நம் வண்டி நடுவழியில் நின்றதற்கு நீ சரிபார்த்து வைத்த என்ஜின் காரணமில்லை. நான்தான் காரணம். காரணம் நான் என்று தெரிந்துகொண்டே பழியை உன்மேல் போட்டதும் நான்தான். மிஷால் உன்னை அழைத்து ஏதேதோ பேசியதும், இனி எந்த என்ஜினையும் தொடமாட்டேன் என்று நீ சொன்னதும், உன் கருவிப் பெட்டியை யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லிச் சித்திக்குச் செய்தி அனுப்பியதும் எல்லாம் இந்த வாயிலிருந்து புறப்பட்டவைதான். பெட்டியை யாருக்கும் கொடுக்கவில்லை. என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. அதன்மேல் படுத்துத் தூக்கம் வராமல் கிடக்கிறேன்.

நடந்ததைக் கேள். மிஷால் வண்டியின் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் மேல்கூட்டுக்கு நான் உள்பக்கமாகத் தங்க நிறம் அடித்தது உனக்குத் தெரியும், படம் அனுப்பியிருந்தேன். சாதாரணத் தங்கமா அது! அதை வாசலில் காயவைத்தபோது சூரியன் வெட்கப்பட்டு மேகத்துக்குப் பின்னால் போய் நின்றது, பக்கத்துவீட்டுக்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்து மணி என்ன என்று கேட்டார். அன்று மாலை நம் திவானியாக் கூடத்தில் வழக்கம்போல ஆட்கள் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது ஹமூத் அந்தக் கூட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். போட்டியில் மிஷாலுக்கு நேர் எதிரி அவர்தான். "மாஷா அல்லாஹ், சுலைமான், இந்த மாதிரி நிறத்த நான் பாத்ததே இல்ல" என்றார். ஒருவர் நம் பொருளைப் புகழ்ந்துவிட்டால் நாம் என்ன சொல்வோம்? "உங்களுதுதான், எடுத்துக்குங்க" என்றேன். அவர் என்ன சொல்ல வேண்டும்? "வேண்டாம், உங்க கையிலேயே அது அழகு" என்று சொல்ல வேண்டும். சொன்னார், பாவம், முறையாகத்தான் சொன்னார். நான் அதோடு விட்டிருக்க வேண்டும். ஆனால் திவானியா நிறைய ஆள், எல்லார் கண்ணும் என்மேல். மறுபடி வற்புறுத்தினேன், அவர் மறுபடி மறுத்தார், நான் நெஞ்சில் கை வைத்து, "கூடு வேண்டாம்னா போகட்டும், உங்க வண்டிக்கும் இதே தங்கத்த நானே அடிச்சுத் தர்றேன், மறுத்தா இந்த வீட்டுக் காப்பி உங்களுக்கு ஹராம்" என்று முழங்கிவிட்டேன். ஒரு சுல்தான் மாகாணத்தைத் தானம் கொடுப்பதுபோல இருந்தது எனக்கு. அப்படித்தான் எதிரியின் வண்டியும் நம் வண்டியும் இரட்டைப் பிள்ளைகளாயின.

நீ படத்தைப் பார்த்துவிட்டுப் போனில் என்ன சொன்னாய் என்று எனக்கு ஒரு எழுத்து விடாமல் நினைவிருக்கிறது. "சித்தப்பா, பின்னாடி சிவப்பு இறக்கையாவது மாட்டுங்க, தூசி கிளம்புச்சுன்னா எண் தெரியாது, எந்த வண்டி எதுன்னு உங்களுக்கே தெரியாது" என்றாய். நான் சிரித்தேன். என் வண்டியை ஆயிரம் வண்டிகளுக்கு நடுவில், கண்ணைக் கட்டிவிட்டாலும், வாசனையை வைத்தே கண்டுபிடிப்பேன் என்று சொன்னேன். சிவப்பு இறக்கை பெட்டியிலேயே இருந்தது. இரண்டு திருகு. அவ்வளவுதான் வேலை.

போட்டியன்று காலை நீ கிளாஸ்கோவிலிருந்து போன்வழியே என்ஜின் சத்தத்தைக் கேட்டு, "எரிபொருள் வர்ற ஊசிய இன்னும் கொஞ்சம் திறடா, இல்ல அவ்ளோ வேண்டாம், அரிசியளவு, நிறுத்து, அதுதான்" என்று மிஷாலுக்குச் சொன்னபோது பக்கத்து மேசைக்காரர்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அந்த என்ஜின் அன்று எப்படிப் பாடியது தெரியுமா. இறுதிப் போட்டி தொடங்கினதும் மிஷால் முன்னால் போய்விட்டான், ஹமூத் விடாமல் ஒட்டியே வந்தார், சில சுற்றில் முந்தவும் செய்தார். ஓட்டுகிறவர்கள் உயர்ந்த மேடையில் ரிமோட்டோடு நிற்க, கீழே எரிபொருள் நிரப்பும் பிட்டில் நைட்ரோ குப்பியோடு நான், எனக்கு அந்தப் பக்கம் ஹமூத்தின் மச்சான் கலீஃபா. வண்டி வரும், தூக்குவேன், மூடியைத் திறப்பேன், குப்பியை அழுத்துவேன், மூடிவிடுவேன், நீ ஒரு தும்மல் போடுவதற்குள் வண்டி திரும்பப் பாதையில் இருக்கும். அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது, கடைசி முறை நிரப்ப வேண்டிய நேரத்தில் காற்று எழும்பும்வரை. பாலைவனம் முழுக்க எழுந்து எங்கள் திடலுக்கு விருந்துக்கு வந்ததுபோல ஒரு தூசி. கலீஃபாவின் தலைத்துணி அவன் முகத்திலேயே சுற்றிக்கொண்டது. மேலேயிருந்து மிஷால், "சித்தப்பா, வர்றேன்!" என்று கத்தினான். ஒரு தங்க வண்டி வந்தது. தூக்கினேன், வாய்வரை நிரப்பினேன், பிஸ்மில்லா சொல்லி விட்டேன். அதன் வாலைப் பிடித்ததுபோல இன்னொரு தங்க வண்டி வந்து என் காலடியில் நின்றது. எதிரியின் வண்டி வழி தவறி என்னிடம் வந்துவிட்டது என்று நினைத்தேன் மகளே! அதிலும் பெருந்தன்மை. அதைத் தூக்கி, கலீஃபா நிற்கும் பக்கமாகத் தள்ளி வைத்து, "உன் ஆள் அங்கே இருக்கான், போ ராஜா" என்று முதுகில் தட்டினேன். மேடையிலிருந்து பார்த்த மிஷாலுக்கு நான் அவன் வண்டியைத் தூக்கியதும் கீழே வைத்ததும்தான் தெரிந்தது. நிரப்பியாயிற்று என்று நம்பி முழு வேகத்தில் ஓட்டிக்கொண்டு போனான். பாதிச் சுற்றுகூட முடியவில்லை. தூரத்துத் திருப்பத்தில் வண்டி இருமிவிட்டு நின்றது. ஹமூத் அதைத் தாண்டிப் போய்க் கோப்பையை வாங்கினார், என் கையால் ஊற்றிய நைட்ரோவில்.

நின்ற வண்டியைக் கையில் எடுத்து மூடியைத் திறந்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. தொட்டி துளியின்றி வறண்டிருந்தது, என் குப்பியும் காலி. மிஷால் மேடையிலிருந்து இறங்கி ஓடி வந்து, "சித்தப்பா, நிரப்பினீங்கதானே?" என்றான். "வாய்வரைக்கும் நிரப்பினேன்டா" என்றேன். பொய்யில்லை பார், அதுதான் கொடுமை. கூட்டம் கூடிவிட்டது. ஹமூத் கெட்ட எண்ணம் ஏதுமில்லாமல், "அப்ப ஊசி ரொம்பத் திறந்திருக்கும், என்ஜின் குடிச்சுத் தீத்திருக்கும்" என்றார். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். அங்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் என்ன செய்தேன்? கையை விரித்து, "பின்ன என்னப்பா, என்ஜின் இங்க, அதோட காது கிளாஸ்கோவுல, வேற எப்படி ஆகும்?" என்றேன். சிரித்தார்கள். நன்றாகச் சிரித்தார்கள். யாரோ பின்னாலிருந்து, "பொம்பளப் புள்ள போன்ல என்ஜினுக்கு வைத்தியம் பாக்குது" என்றான், நான் அவன் பல்லை உடைக்காமல் கூடச் சேர்ந்து சிரித்தேன் லுல்வா. என் அண்ணன் உங்கள் இருவரையும் என்னிடம் விட்டுவிட்டுக் கண்ணை மூடிய நாளிலிருந்து உன்னைப் பற்றி யார் ஒரு சொல் சொன்னாலும் எதிர்த்து நின்ற ஆள் நான் என்று ஊரெல்லாம் பெருமை பேசியிருக்கிறேன். அந்தப் பெருமைக்காரன் அங்கே நின்று சிரித்துக்கொண்டிருந்தான்.

அன்று வீட்டுக்கு வந்து மச்பூஸ் சோற்றுத் தட்டில் கையை வைத்தேன், இறங்கவில்லை. மிஷால் உன்னோடு போனில் கத்தியதைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். அப்போதும் போய்த் தடுக்கவில்லை. மறுநாள் அவன் கோபத்தில் நீ வைத்த ஊசியை இறுக்கி மூடிவிட்டான், அதிலிருந்து என்ஜின் தேநீர்க் கெட்டில் மாதிரி கொதிக்கிறது, சுற்று இரண்டு போவதற்குள் மூச்சடைத்து நிற்கிறது. இன்று மதியம் அவன் அதோடு மல்லாடிக்கொண்டிருந்ததைப் பார்த்துப் பொறுக்காமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கத்துவான் என்று நினைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டே, "என்கிட்ட சொல்லிட்டீங்க, சரி. சிரிச்சவங்க எல்லாரும் ராத்திரி நம்ம திவானியாவுக்குத்தானே வருவாங்க?" என்று மட்டும் கேட்டான். இதோ மாலைத் தொழுகைக்கு அழைப்பு வந்துவிட்டது, காப்பிக்குச் சித்தி தண்ணீர் வைத்துவிட்டாள். மீதியை வந்து எழுதுகிறேன்.

வெள்ளி காலை. சொல்லிவிட்டேன். எப்படி ஆரம்பிப்பது என்று மனத்துக்குள் ஒரு பேருரையே தயாரித்து வைத்திருந்தேன், அதில் ஆகாயம், கடல், ஒட்டகப் படை எல்லாம் வரும். ஹமூத் கோப்பையைக் கொண்டுவந்து நடுவில் வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் பேருரை மறந்துபோய், "உங்க வண்டிக்கு நைட்ரோ ஊத்தினது நான்தான், எங்க வண்டிக்கு யாருமே ஊத்தல, என் பொண்ணு வெச்ச ஊசியில ஒரு தப்பும் இல்ல, தெரிஞ்சே அவமேல போட்டேன்" என்று மட்டும் வந்தது. ஹமூத் மெதுவாகத் திரும்பி, "கலீஃபா, அப்ப நீ எங்கடா இருந்தே?" என்றார். கலீஃபா, "கண்ணுல மண்ணு மச்சான், துணிய எடுத்துப் பாத்தா வண்டி போயிடுச்சு. அப்புறம் நீங்க 'கடைசில சூப்பரா ஊத்தினடா'ன்னு முத்தம் வேற குடுத்தீங்க, நான் என்ன சொல்ல?" என்றான். சிலர் சிரித்தார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஹமூத் கோப்பையை எடுத்து என் முன்னால் வைத்து, "இது உங்களுது, எடுத்துக்குங்க" என்றார். முறைக்குச் சொன்னாரா, உண்மையாகச் சொன்னாரா, எனக்குத் தெரியவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "உங்க கையிலேயே அது அழகு" என்றேன். இந்தத் தடவை அதற்குமேல் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவர் தாடியைத் தடவிவிட்டு, "ஊசின்னு முதல்ல வாயெடுத்தவன் நான். பொண்ணுக்கு எழுதுறப்ப என் மன்னிப்பையும் எழுதுங்க. அப்புறம், என் என்ஜினும் ஒரு மாசமா இருமுது, அவளுக்கு நேரம் இருந்தா அதையும் கொஞ்சம் கேக்கச் சொல்லுங்க" என்றார். பின்னாலிருந்து வைத்தியம் என்று சொன்னவன் தன் காப்பியையே பார்த்துக்கொண்டிருந்தான். யார் என்று உனக்கு எழுதமாட்டேன், அவனைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை.

மிஷால் எனக்குத் தீர்ப்பு வழங்கிவிட்டான். இனி நான் குப்பியைத் தொடக்கூடாது. தங்கத்தின்மேல் சிவப்பு இறக்கையை நேற்று ராத்திரியே மாட்டிவிட்டான், இரண்டு திருகு, நான் டார்ச் பிடித்தேன். எனக்கு ஒரே ஒரு பதவி மிச்சம்: நீ என்ஜினைக் கேட்கும்போது போனை அதன் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நிற்பது. அவன் உன்னிடம் பேசியதற்கு அவனே தனியாக எழுதுகிறான், இரண்டு காகிதம் கிழித்துப்போட்டாயிற்று, அவசரப்படுத்தாதே.

சித்தியின் அக்கா மகள் நாளை விமானம் ஏறுகிறாள், அவள் கையில் இந்தக் கடிதத்தோடு பேரீச்சம்பழப் பெட்டியும் சித்தி செய்த ஏலக்காய் பிஸ்கட்டும் வருகின்றன. பிஸ்கட்டை அறைத்தோழிகளுக்கு எல்லாம் கொடுத்துத் தீர்த்துவிடாதே. குளிரில் ஈரத் தலையோடு வெளியே போகாதே. இறைவன் உன் கண்ணையும் கையையும் அந்தக் காதையும் காப்பாற்றட்டும், உன் படிப்பில் பரக்கத் செய்யட்டும், என்னால் உனக்கு வந்த வருத்தத்தை உன் மனத்திலிருந்து எடுத்து என் மனத்தில் வைக்கட்டும், அங்கே இடம் இருக்கிறது.

ஒன்று மட்டும் மறக்காதே. இது உன் கைக்கு வந்த பிறகு வரும் வெள்ளிக்கிழமை, உனக்குக் காலை பத்து மணிக்கு, என் எண்ணிலிருந்து போன் அடிக்கும். என்னை நினைத்து எடுக்காமல் இருந்துவிடாதே. நான் சலாம்கூடச் சொல்லமாட்டேன், மூச்சு விடும் சத்தம்கூடக் கேட்காது. நீ எடுத்தால் உன் காதில் விழுவது என்ஜின் சத்தம் மட்டும்தான். அதோடு நீ பேசு.

வழக்கமாகக் கடைசியில் போடும் பாலைவனச் சிங்கம், பந்தயச் சக்கரவர்த்தி முதலிய பட்டங்கள் எதுவும் இந்தத் தடவை இல்லை.

சித்தப்பா
சுலைமான்