மாதா எண்ணெய் தடவிய கல்யாண டிஸ்க்

பாதியில் சிக்கி நின்ற கல்யாண வீடியோ டிஸ்க்கில் வேளாங்கண்ணி மாதா கோயில் எண்ணெயைத் தடவி, நேற்று கணவன் எல்வினிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள் ஜூலியட். கோபத்தில் அவன் சாப்பிடாமலே படுத்துவிட்டான். இன்று சாயங்காலப் பூசைக்குக் கிளம்புமுன் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினாள்:

“என்னங்க, லேப்டாப்பை மூடிடாதீங்க. டிஸ்க் காப்பி ஆயிட்டிருக்கு. சோப்புத் தண்ணியில கழுவித் துடைச்சதும் ஓடுது. பென்டிரைவ்லயும் ஒண்ணு ஏத்திடுங்க. மீன் குழம்பு அடுப்புமேல இருக்கு.”

ஜன்னலுக்கு வெளியே நாற்றங்காலில் காற்று பச்சையாய் அலையடித்தது. மதியம் பார்த்த கல்யாண வீடியோ கண்ணுக்குள் இன்னும் ஓடியது. தாளின் அடியில் நுணுக்கி எழுதினாள்:

“சிக்கின இடத்தைப் பாத்தேன். தாலி கட்டினதும் எல்லாரும் கேமராவைப் பாக்குறாங்க. நீங்க மட்டும் என்னையே பாத்துட்டு நிக்கிறீங்க. இன்னிக்கு ராத்திரி அந்த மனுசனைச் சாப்பிட வரச் சொல்லுங்க.”