இடது டேங்க்

12, வியாழன்
மேல்காற்று. கண்ணெல்லாம் புழுதி. முழங்கை வீக்கம், மற்றபடி ஒன்றுமில்லை.

நேற்று விமானப் பயிற்சி, தனியாக. கங்கைகொண்டான் தாண்டி இரண்டாயிரம் அடியில் இன்ஜின் நின்றது. மூக்கைத் தாழ்த்தினேன், வேகம் பார்த்தேன், காய்ந்த குளம் ஒன்றில் இறக்கினேன். இறக்கை உடைமரத்தில் இடித்து நின்றது. ஆடு மேய்த்தவர், "ஏலே, ஓடி வாங்கலே! பொம்பளப் புள்ளல்லா ஓட்டியிருக்கு!" அழுகை வரவில்லை.

இங்கே மட்டும் எழுதுகிறேன். இறக்கைக்கு ஒரு பெட்ரோல் டேங்க். அரை மணிக்கு ஒரு தடவை கையால் மாற்ற வேண்டும். மறந்துவிட்டேன். இன்ஜின் நின்ற பிறகும் மாற்றத் தோன்றவில்லை. தரையில் பார்த்தால் கைப்பிடி இடதில். இடது காலி, வலது நிறைய. ஆள் வருவதற்குள் வலதுக்குத் திருப்பினேன். விசாரிக்க வந்த அதிகாரியிடம், "மாத்தினேன் சார், ஸ்டார்ட் ஆகல."

உண்மையைச் சொன்னால் லைசென்ஸ் கனவு அதோடு சரி.

13, வெள்ளி
மெக்கானிக் முத்துக்குட்டி அண்ணாச்சி இனி விமானத்தைத் தொடக் கூடாதாம், விசாரணை முடியும்வரை. வலது டேங்க் பைப்பில் அடைப்பு இருக்கும் என்று சந்தேகம். பயிற்சிப் பள்ளிக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"நீ தப்பிச்சேல்லா, அது போதும்த்தா. திங்கக்கெழம நாந்தான் பைப்ப ஊதிப் பாத்தேன். எங்கன தப்பு விட்டேன்னு தெரிய மாட்டேங்கு."

"சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன். வேறென்ன கேட்க. வெட்கமாக இருக்க வேண்டும். மனசு மரத்துப்போய்க் கிடக்கிறது.

14, சனி
சீருடை துவைக்க. முழங்கைக்குத் தைலம். சித்திக்கு போன்.

செத்துப் பிழைத்தவர்கள் ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்வது பாளையங்கோட்டையில் எங்கள் சபை வழக்கம். ஸ்கூட்டரில் விழுந்தவர், கிட்னியில் கல் போனவர், எல்லாரும் சொல்லியாயிற்று. அம்மா என்னைக் கேட்கவே இல்லை. "காணிக்கைக் கவர்ல உன் பேர எழுதிட்டேன். சபை ஐயர்ட்டயும் சொல்லியாச்சி. நல்ல சேலையா கட்டு."

அண்ணாச்சி ஊதிய பைப்பையே நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

15, ஞாயிறு
வெயில். மைக்கில் கரகரப்பு.

இன்ஜின் நின்றதைச் சொன்னேன். "ஸ்தோத்திரம்." குளத்தில் இறங்கியதைச் சொன்னேன். "ஸ்தோத்திரம்." "நான் டேங்க மாத்தல. மாத்தினேன்னு பொய் சொன்னேன். பழி மெக்கானிக் மேல விழுந்திருக்கு." முன்வரிசை பழக்கதோஷத்தில், "ஸ்தோத்திரம்." அம்மா மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

வெளியே வந்து அண்ணாச்சிக்கு போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன், நாளை அதிகாரியிடம் எழுதிக் கொடுக்கப்போவதையும். திட்டட்டும் என்று காத்திருந்தேன்.

"அப்போ பைப்பு சரியாத்தான் இருந்துச்சா?"

"சரியாத்தான் இருந்துச்சு அண்ணாச்சி."

போனை வைக்காமலே வீட்டுக்குள் மனைவிக்குக் கேட்கச் சத்தம் போட்டார்: "ஏட்டி, பைப்புல ஒண்ணும் இல்லியாம்! ஒண்ணுமே இல்லியாம்!"

என்னைத் திட்ட மறந்தே போனார்.