தங்கப்பழம் வீட்டு அரிசி

சங்கரன்கோவில்
13-8-1979

பம்பாயில இருக்க என் மக நேசபாய்க்குப் பெரியம்மா எழுதுதேன். ஆண்டவர் உன்னைத் தன் செட்டைக்குள்ள வச்சுக் காக்கணும்னு முழங்கால் போட்டுட்டுத்தான் பேனாவை எடுத்தேன். இங்கன ஒடம்புக்கு எல்லாரும் சுகம், மனசுக்குத்தான் சுகமில்ல. பெரியப்பாவுக்கு இருமல் விட்டுருச்சு. கோயில் ஆடித்தபசுக் கூட்டம் கலைஞ்சு இப்பத்தான் பஸ்ஸுல கால் வைக்க முடியுது. குருவிகுளம் பக்கம் மழை இல்ல, உழுது போட்டுட்டு வானத்தப் பாத்துக்கிட்டு இருக்காவ. நீ சோத்தைக் குறைக்காத, அந்த ஊரு ரொட்டி மட்டும் தின்னா நம்ம ஒடம்பு தாங்காது.

ஏட்டி, கருக்கலைப்புப் பண்ணுத வார்டுல உனக்கு நர்ஸ் டூட்டி போட்டிருக்குன்னு எழுதியிருந்தேல்லா, அதைப் பெரியப்பாகிட்ட மட்டுந்தான் சொன்னேன். வேற யார்ட்டயும் மூச்சு விடல. என் வாய்க்கு அது எவ்வளவு பாடுன்னு உனக்கே தெரியும். ஏன்னா நம்ம சபையில இப்ப அதுதான் சண்டை. புதுசா வந்த போதகர் ஐயா போன மாசம் பிரசங்கத்துல, கருவைக் கலைச்சவளும் பாவி, பக்கத்துல நின்னு கத்தி எடுத்துக் குடுத்தவளும் பாவி, சபை முன்னால அறிக்கை செய்யாம ரெண்டு பேரும் நற்கருணைக்கு வரக்கூடாதுன்னு சொல்லிட்டாவ. அதோட விடல, குடும்பக் கட்டுப்பாடு ஆப்பரேசன் பண்ணுனவங்களும் மனசாட்சியைக் கேட்டுக்கிடுங்கன்னாவ. எமர்ஜென்சியில ஆப்பரேசன் பண்ணிக்கிட்ட ஆம்பளைங்க பூரா தலையைத் தொங்கப் போட்டுட்டாவ, எனக்குச் சிரிப்பை அடக்க முடியல. ஆனா அடுத்தாப்புல ஐயா பார்வை தங்கப்பழம் மேல போச்சு பாரு, என் சிரிப்பெல்லாம் செத்துப்போச்சு.

தங்கப்பழத்தை உனக்குத் தெரியும், சர்ச்சுக்குப் பின்னால இருக்க கொத்தனார் தாவீது பொஞ்சாதி. நாலாவது உண்டாகையில வலிப்பு வந்து, பிள்ளையை வச்சிருந்தா தாய் பிழைக்க மாட்டான்னு டாக்டரு சொல்லிட்டாரு. அன்னைக்கு இருந்த பழைய போதகர் ஐயாதான் அவ தலையில கை வச்சு ஜெபம் பண்ணி, இருக்க மூணுக்கும் தாய் வேணும், போயிட்டு வாம்மான்னு வண்டி பிடிச்சு பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினாவ. இப்ப இந்த ஐயா அதே காரியத்தைக் கொலைங்காவ. வேதம் ஒண்ணுதான், அங்கியும் ஒண்ணுதான், வாக்கு மட்டும் ரெண்டா இருக்கு. பாதிச் சபை அந்தப் பக்கம், பாதி இந்தப் பக்கம். ஜவுளிக்கடை ஜெயசிங் அண்ணாச்சி புது ஐயா கட்சி. உங்க பெரியப்பா பழைய ஐயா கட்சி. ஒரே பெஞ்சுல உக்காந்த ரெண்டு பேரும் இப்ப தோத்திரம் கூடச் சொல்லிக்கிடுததில்ல.

இதுக்கு நடுவுல அசனம் வந்துட்டு. வர்ற சனிக்கிழமை. எல்லா வீட்டு அரிசியும் ஒரே பானையில வெந்து, எல்லாரும் ஒரே பந்தியில உக்காந்து திங்கணும், அதுக்குத்தான அசனம்னு பேரு. பெண்கள் சங்கத்துக்கு நான் தலைவியா இருக்கதால வீடு வீடா அரிசி வாங்கப் போறது நான்தான். தங்கப்பழம் வீட்டுல மட்டும் வாங்காதீங்கன்னு ஜெயசிங் அண்ணாச்சி ஆள் விட்டுச் சொல்லியிருந்தாவ. சரி, வம்பு எதுக்குன்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டு அவ வீட்டைத் தாண்டத்தான் பாத்தேன். அவ வாசல்ல சுளவுல அரிசியை வச்சுக்கிட்டு நிக்கா. கல்லு, குருணை ஒண்ணு இல்லாமப் புடைச்சு வச்சிருக்கா. என் கால் நகரல மக்கா. ஓலைப்பெட்டியை நீட்டிட்டேன். கொட்டிட்டா.

சர்ச்சு வராந்தாவுல பாயில தட்டி எல்லா அரிசியோடயும் கலந்த பொறவுதான் விசயம் வெளிய வந்துச்சு. ஜெயசிங் அண்ணாச்சி குதிச்சாவ. இதைக் கோழிக்குப் போடுங்க, நான் புது மூட்டை தாரேன்னாவ. நான் சொன்னேன், போடுவோம் அண்ணாச்சி, உங்க வீட்டு அரிசியும் அதுக்குள்ளதான் கெடக்கு, உங்களதை மட்டும் பொறுக்கி எடுத்துக்கிடுங்கன்னு. என்கூட அரிசி வாங்க வந்த சுப்புத்தாய் முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டா. ஆனா அங்க நின்ன புது ஐயா சிரிக்கல. அந்த அரிசி வெந்தா நான் ஜெபம் பண்ண வரமாட்டேன், நீங்க சபை முன்னால மன்னிப்புக் கேக்கணும்னு சொல்லிட்டாவ. நான் அரிசி மேல சாக்கைப் போட்டு மூடிட்டு வீட்டுக்கு வந்துட்டேன்.

உன்கிட்ட மறைக்க மாட்டேன். வயித்துல இருக்கதை எடுக்குதது எனக்கு இன்னும் ஒப்பல. ஒரு பிள்ளைக்குத் தவங்கெடந்து கிடைக்காம, உங்க அம்மை கண்ணை மூடுன பொறவு உன்னை வாங்கி வளத்தவ நான். முடிஞ்சா வேற வார்டு கேளு. கிடைக்கலன்னா ஜெபம் பண்ணிட்டு உள்ள போ, அங்கன படுத்திருக்கவ மூஞ்சியைப் பாரு, அவளை ஏசாத. தங்கப்பழத்துக்குக் கத்தி எடுத்துக் குடுத்தவளும் எவளோ பெத்த பிள்ளைதான. கிறிஸ்மசுக்கு நீ வரும்போது நற்கருணைக்கு எந்திரிக்காதன்னு யாரும் சொன்னா, நானும் எந்திரிக்காம உன் பக்கத்துல பொம்பளைங்க பாயிலயே இருப்பேன். அதை மட்டும் முடிவு பண்ணிட்டேன்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. குடையை மறக்காத, அங்க மழை பொல்லாதாம். பெரியப்பா உனக்கு முத்தம் சொல்லச் சொன்னாவ.

இப்படிக்கு,
உன்னையே நெனச்சுக்கிட்டிருக்க பெரியம்மா,
ஞானதங்கம்

வருசா வருசம் போல உன் பேருக்கும் ஒரு படி அரிசி போட்டேன். அதுவும் அந்தக் குவியல்லதான் கெடக்கு. தங்கப்பழத்தை எடுக்கணும்னா உன்னையும் சேத்துத்தான் எடுக்கணும். சனிக்கிழமை உலை வைக்கப் போறேன்.