முன்கண்ணாடியில் சந்தனம்

3 ஆகஸ்ட் 2025, ஞாயிறு. நகரி

அறுபதாம் கல்யாணம் வேண்டாமாம். வண்டி வேண்டுமாம். காலையில் இட்லித் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு என் வீட்டுக்காரர் அறிவித்தார். சாதாரண வண்டி இல்லை, சொகுசு வண்டி. அதிலும் சின்ன சைஸ் எஸ்யூவி, பெரியது எங்கள் தெருவில் திரும்பாதாம். அதுவரை யோசித்திருக்கிறார். என்னைக் கேட்க வேண்டும் என்று மட்டும் யோசிக்கவில்லை.

தறி ஷெட்டுக்குக் கணக்கு எழுதுவது நான். நூல் எடுக்கப் புத்தூர் போவதும், வரி விஷயமாகச் சித்தூர் அலைவதும் நான், பழைய காரை நானே ஓட்டிக்கொண்டு. இரண்டு பேரும் சேர்ந்து போனால் மட்டும் அவர்தான் ஓட்டுவார். அதுவும் போன வருஷத்தோடு நின்றது. முட்டி வலி என்றார். இப்போது முட்டி எப்படிச் சரியானது?

"புதுசுல கிளட்ச்சே கிடையாது. நான் ஓட்டிக்கிறேன். பழசு நீ வெச்சுக்கோ."

வெச்சுக்கிறேன். ரொம்ப உபகாரம்.

பெங்களூரில் இருக்கும் கௌசிகாவிடம் போனில் சொன்னேன். பெத்த பெண், சிரிக்கிறாள். "நைனா ஆசப்படறாரு, உட்டுரும்மா."

6 ஆகஸ்ட், புதன்

திருப்பதி, ரேணிகுண்டா ரோட்டில் முதல் ஷோரூம். வெள்ளை வண்டி. உள்ளே சின்ன டிவி அளவுக்குத் திரை. ஏசியைக் குறைக்கவும் அதைத்தான் தடவ வேண்டும், பாட்டு வைக்கவும் அதைத்தான். தடவினால் ஒரு படம், அதைத் தடவினால் இன்னொரு படம். ரோட்டைப் பார்ப்பதா, இதைப் பார்ப்பதா? "திருகுற மாதிரி பட்டன் இல்லையா?" என்று நான் கேட்டேன். விற்கிற பையன் அவரைப் பார்த்துப் பதில் சொன்னான். இல்லை சார், இதுதான் சார் இப்போ. கேட்டது நான்!

வாயால் சொன்னாலும் கேட்குமாம். இவர் தமிழில் ஏசியைக் குறைக்கச் சொன்னார். அது இங்கிலீஷில் மன்னிப்புக் கேட்டது.

இதெல்லாம் போகட்டும். அடுத்து அவர் சொன்னதுதான் தாங்கவில்லை. திரையைக் காட்டி, அந்தப் பையனிடம்— "எங்க வீட்டம்மாவுக்கு இங்கிலீஷ் வராதுப்பா. அதுல இன்னா எழுதிக்கினு கீதுன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லு."

எனக்கா வராது? பி.காம் படித்தவள் நான். மாசா மாசம் ஜிஎஸ்டி கணக்கை இங்கிலீஷில் போடுவது யார், இவர் அத்தையா? அந்தப் பையன் என்னைப் பார்த்த பார்வை— பாவம், பட்டிக்காடு என்கிற பார்வை. நகரி வரும்வரை நான்தான் ஓட்டினேன்.

9 ஆகஸ்ட், சனி

இரண்டாவது ஷோரூம். நீல வண்டி. இங்கே ரேஷ்மா என்று ஒரு பெண். "மேடம், மீரு டிரைவ் சேஸ்தாரா?" என்று கேட்டாள். நீங்கள் ஓட்டுவீர்களா என்று என்னைக் கேட்ட முதல் ஆள். மனசு கொஞ்சம் ஆறியது.

வண்டியும் எனக்குப் பிடித்தது. ஏசிக்குத் திருகு இருக்கிறது, சத்தத்துக்குத் திருகு இருக்கிறது. கண்ணை எடுக்காமல் கையாலேயே தேடிக்கொள்ளலாம். கோடு தாண்டினால் ஸ்டீயரிங் அதிர்கிறது. இவருக்கு அதிலெல்லாம் ஆர்வம் இல்லை. திரும்பத் திரும்ப ஒரே கேள்வி: "குறுக்க ஆள் வந்தா அதுவே நிக்குமா?"

"நிக்கும் சார். ஆனா, டிரைவர்தான் பாக்கணும். இது ஒத்தாசைக்குத்தான்."

முன்பாதிக்குத் தலையை ஆட்டினார். பின்பாதிக்கு ஆட்டவில்லை.

இங்கேயும் ஆரம்பித்தார், எங்க வீட்டம்மாவுக்கு வராது என்று. நான் விடவில்லை. திரையில் இருந்த வரியை ஒரு வார்த்தை விடாமல் இங்கிலீஷிலேயே சத்தமாகப் படித்தேன். ரேஷ்மா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். இவருக்கு வெட்கமாவது வந்ததா? தலையைச் சாய்த்து, ரேடியோ கேட்கிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார். என்ன மனுஷன்!

அவர் போன் பேச வெளியே போனபோது ரேஷ்மா எனக்குத் தனியாகக் காட்டினாள். ஹேண்ட் பிரேக் இப்போது கைப்பிடி இல்லை, இரண்டு சீட்டுக்கும் நடுவில் சின்ன நாக்கு மாதிரி ஒரு பட்டன். வண்டி ஓடும்போது ஆபத்து என்றால், அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தால் வண்டி நின்றுவிடுமாம். வெள்ளை வண்டியில் அது ஸ்டீயரிங்குக்குக் கீழே மூலையில் இருந்தது. பக்கத்து சீட்டிலிருந்து எட்டாது.

12 ஆகஸ்ட், செவ்வாய்

நீல வண்டி என்று முடிவு. ஏன் என்று கேட்டேன். "எழுத்து பெருசா கீது" என்றார். இத்தனை அலைச்சலுக்குப் பிறகு எழுத்து பெரிசாம்! ஆடி கழிந்ததும் எடுக்கிறோம்.

22 ஆகஸ்ட், வெள்ளி

கோபத்தில் எதை முதலில் எழுதுவது என்றே தெரியவில்லை.

காலையில் சாவி கொடுத்தார்கள். ரேஷ்மா முன்கண்ணாடியின் மேல் நடுவில் ஒரு கறுப்புப் பெட்டியைக் காட்டினாள். வண்டி பார்ப்பது அந்தக் கேமரா வழியாகத்தான், அங்கே எதையும் ஒட்டாதீர்கள் என்றாள். "சரே, சரே" என்றார் இவர்.

நேரே திருமலை அடிவாரம், அலிபிரிக்குப் போனோம் பூஜைக்கு. பூஜை செய்தவர் பானெட்டில் ஒரு பொட்டு வைத்து, மாலை போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார். இவருக்குப் போதவில்லை. "நெத்தியில வெக்காம இன்னா பூஜை?" என்று சந்தனக் கிண்ணத்தை வாங்கி, கண்ணாடியின் மேல் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு அப்பினார். நடுவில் குங்குமம்.

"ஏங்க, அங்க ஒண்ணும் வெக்காதன்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சே."

"சாமிக்கு வெக்கிறதுக்கு அந்தப் பொண்ண கேக்கணுமா?"

கிளம்பினோம். இவர்தான் ஓட்டினார். டங் என்று ஒரு சத்தம், ஸ்டீயரிங்குக்குப் பின்னால் சிவப்பாக ஏதோ எழுத்து. எனக்கு அங்கிருந்து சரியாகத் தெரியவில்லை. என்ன அது என்றேன். "புது வண்டி, பேசிக்கினு வருது" என்றார். நானும் சிரித்தேன். சிரித்தேனே!

புத்தூர் தாண்டி, பட்டப்பகல். பக்கத்து ரோட்டிலிருந்து ஒருவன் பின்னால் சேலை மூட்டையோடு டிவிஎஸ்ஸில் குறுக்கே வந்தான். தூரத்திலேயே பார்த்துவிட்டேன். இவர் வேகத்தைக் குறைக்கவில்லை. ஏங்க என்றேன். குறைக்கவில்லை. ஏங்க ஆளு என்று கத்தினேன். காலை அசைக்கவில்லை மனுஷன். நடுவில் இருந்த பட்டனைத் தூக்கினேன். தூக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தேன். வண்டி கிறீச்சிட்டு நின்றபோது அந்த மூட்டைக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கிற இடம்தான் இருந்தது.

"கள்ளு லேவா நீக்கு?" கண் இல்லையா உனக்கு என்று அவன் தெலுங்கில் கத்திவிட்டுப் போனான். இவர் மெதுவாக, "அதுவே நிக்கும்னு சொன்னாங்களே, யமுனா."

எனக்கு ஏதோ உறைத்தது. எட்டி, அந்தச் சிவப்பு எழுத்தைக் காட்டினேன்.

"இத படிங்க."

"கண்ணாடி எடுத்துக்கினு வரல."

"கண்ணாடி உங்க மூஞ்சியிலதாங்க கீது."

முன் கேமரா மறைந்திருக்கிறது, தானாக பிரேக் பிடிக்காது. அதுதான் எழுதியிருந்தது. நான்தான் படித்துச் சொன்னேன். அவர் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு ரெண்டு ஷோரூம்லயும் சொன்னது இதுக்குத்தானா? தனக்குத் தெரியலன்னு சொல்ல வாய் வராம என்னத் தற்குறி ஆக்கினாரா? முட்டி வலி, எழுத்து பெருசு, எல்லாமே இதுக்கா? கண்ணு தெரியாத மனுஷன் கண்ணு இருக்கிற வண்டி வாங்கப் போயிருக்கிறார். அதன் கண்ணிலும் தானே சந்தனம் அப்பியிருக்கிறார்!

இறங்கி, பாட்டில் தண்ணீர் ஊற்றி, முந்தானையால் துடைத்தேன். நான் ஓட்டிக்கொண்டு வந்தேன்.

23 ஆகஸ்ட்

சோறு மட்டும் போட்டேன்.

25 ஆகஸ்ட், திங்கள். சித்தூர்

கண் டாக்டர் அம்மா என்னைப் பார்த்ததும் இவரிடம் கேட்ட முதல் கேள்வி: "மார்ச்சுலயே வண்டி ஓட்டாதீங்கன்னு சொல்லியிருந்தேனே, வீட்ல சொல்லலியா?"

மார்ச்! ஷெட்டுக்கு மோட்டார் பார்க்கப் போகிறேன் என்று பஸ்ஸில் சித்தூர் போனாரே, அது இங்கேதான். சர்க்கரை கண்ணுக்குள் போய்விட்டது. ஓரம் தெரிகிறது, நடுவில்தான் மங்கல். ஊசி போட்டால் இருப்பதைக் காப்பாற்றலாம். மார்ச்சிலேயே ஊசிக்கு வந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்றார். அப்போதே எழுந்து கத்தியிருப்பேன். டாக்டருக்காக அடக்கிக்கொண்டேன்.

காரில் ஏறியதும் அடக்கவில்லை. அந்த மூட்டைக்காரன் செத்திருந்தா? அவனுக்கும் ஒருத்தி வீட்ல காத்துக்கினு இருப்பாளே? எனக்குச் சொல்ல இன்னா கஷ்டம்?

மருந்துச் சீட்டை மடித்துக்கொண்டே சொன்னார். "இனிமே உன் பக்கத்துல உக்காந்துக்கினு போறதுதான் வாழ்க்கையான்னு இருந்திச்சு."

வண்டியை ஓரம் கட்டினேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து உங்க பக்கத்துலதானே நான் உக்காந்துக்கினு போனேன்? அது வாழ்க்கை இல்லையா அப்போ?

"என் மூஞ்சி தெரியுதா?" என்று கேட்டேன்.

"கிட்ட வந்தா தெரியுது."

அழுதேன். கோபத்தில்தான் அழுதேன்.

1 செப்டம்பர்

வண்டியை விற்றுவிடச் சொல்கிறார். விற்கமாட்டேன். எனக்குப் பிடித்த வண்டி அது. கௌசிகா போனில், நைனாவைத் திட்டாதே என்கிறாள். திட்டுவேன். அவளுக்கும் சேர்த்துத் திட்டுவேன்.

15 செப்டம்பர், திங்கள்

இன்று மறுபடியும் ஊசி. காலையில் வண்டிக் கதவைத் திறந்தேன். வழக்கம்போல் சீட் தானாகப் பின்னால் போனது. வாங்கிய அன்று அவர் அளவுக்கு ஒன்றாம் நம்பரில் பதிந்து வைத்தது. எனக்குப் பெடல் எட்டாது. தினமும் இதை இழுத்து முன்னால் கொண்டுவருவதும், தினமும் திட்டுவதும் என் வேலை ஆகிவிட்டது. இன்றும் திட்டினேன்.

இந்தப் பக்கம் வந்து நின்றார். "உக்காரு. உன் அளவுக்கு வெச்சுக்கோ." வைத்தேன். கதவின் உள்பக்கத்தைக் கையால் தடவிப் பட்டன்களைக் கண்டுபிடித்தார். முதல் பட்டனை விரலால் எண்ணி உறுதி செய்துகொண்டு, டிங் என்று கேட்கும்வரை அழுத்தினார்.

"என்னோடது போயிடுச்சு. இனிமே தொறந்தா உனக்குத்தான் வரும்."

கதவைச் சாத்திவிட்டு, பானெட்டில் கையை வைத்து அதன் ஓரமாகவே நடந்து, வண்டியைச் சுற்றி இடது பக்கம் போனார். இறங்கிப் போய்க் கையைப் பிடிக்கலாமா என்று இருந்தது. போகவில்லை. அவர் கைப்பிடியைத் தேடி, கதவைத் திறந்து, உட்கார்ந்து, பெல்ட் மாட்டும்வரை பொறுத்திருந்து, அப்புறம் வண்டியை எடுத்தேன்.